குறுக்கே திரும்பிய ஊசி: ஹான்ஸ் கிறிஸ்டியன் ஏர்ஸ்டெட்டின் வாழ்க்கை

டென்மார்க்கில் நாம் கழித்த முதல் பனிக்காலத்தில் எம்மில் பலருக்கும் ஒரு சின்ன அதிர்ச்சி காத்திருந்தது. கம்பளி மேற்சட்டையைக் கழற்றினால் படபடவென்று சத்தம். விளக்கை அணைத்திருந்தால் சின்னச் சின்ன நீலப் பொறி. கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுள்ளென்று ஒரு கடி. வயரிங்கில் ஏதோ பிழை என்று நினைத்தவர்களும் எம்மிடையே உண்டு. ஊரில் இப்படி நடந்ததாக நினைவில்லை. அங்கே காற்றில் எப்போதும் ஈரம். உடம்பில் சேருகிற மின்னேற்றம் சேரச் சேரவே கசிந்து போய்விடும். இங்கே வெளியே பனி, உள்ளே சூடாக்கி, காற்று வரண்டு கிடக்கிறது. சேர்ந்தது போக வழியில்லாமல் விரல் நுனியில் வந்து நிற்கிறது.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அதே சங்கதி வீட்டுப் பாடமாக வந்தது. பிளாஸ்ரிக் சீப்பைத் தலையில் இழுத்துவிட்டுக் கடதாசித் துணுக்குகளுக்குக் கிட்டக் கொண்டுபோனால் அவை துள்ளி வந்து ஒட்டுகின்றன. கடதாசியில் மின்னேற்றம் இல்லையே, பிறகு ஏன் வருகிறது என்று பிள்ளை கேட்டபோது, ஊரில் பௌதிகம் படித்தவர்கள்கூடக் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னோம். கடதாசியில் நேரும் மறையும் சம அளவில் இருக்கின்றன. சீப்பில் மறையேற்றம் இருந்தால், கடதாசியின் ஒவ்வொரு மூலக்கூறுக்குள்ளும் நேர் கொஞ்சம் சீப்பின் பக்கமாகவும் மறை கொஞ்சம் அப்பாலும் விலகுகின்றன. இதுதான் முனைவாக்கம். கிட்ட இருப்பதை இழுக்கும் விசை பெரிது, தள்ளி இருப்பதைத் தள்ளும் விசை சிறிது, மிச்சம் இழுப்பு. சீப்பின் ஏற்றம் நேராக இருந்தாலும் விளைவு இழுப்புத்தான். கடதாசிக்குப் பதிலாகச் சமையலறையின் அலுமினியத் தாளைக் கிள்ளிப் போட்டால் இன்னும் வேகமாகத் துள்ளும். உலோகத்தில் இலத்திரன்கள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கே ஓடிவிடுகின்றன. இதைத் தூண்டல் மின்னேற்றம் என்கிறோம். ஆனால் அலுமினியத் துணுக்கு சீப்பில் பட்ட கணமே அதன் ஏற்றத்தில் கொஞ்சத்தை வாங்கிக்கொண்டு விலகிப் பறந்துவிடும்.

இந்த இழுப்பும் தள்ளலும் 18ஆம் நூற்றாண்டிலேயே நன்கு அறியப்பட்டவை. 1785இல் பிரான்சின் கூலோம் அவற்றை அளந்தும் காட்டிவிட்டார். எல்லாமே நேர்கோட்டு விசைகள்: ஒன்று மற்றதை நோக்கி வரும், அல்லது விலகிப் போகும். வேறு விதமாக ஒரு விசை இருக்கலாம் என்று யாரும் நினைக்கவில்லை. அப்படி ஒன்றைக் கண்டவர் நாம் வாழும் இந்த நாட்டில், ஒரு சின்னத் தீவில், மருந்துக்கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர்.

அவருடைய பெயரை நாம் நாள்தோறும் கடந்து போகிறோம். கொப்பன்ஹேகனில் அவர் பெயரில் பூங்கா இருக்கிறது, மின்நிலையம் இருக்கிறது. கடலில் காற்றாலைகள் நிறுவும் கம்பனியும், 1999இல் டென்மார்க் ஏவிய முதலாவது செய்மதியும் அவர் பெயரையே தாங்கின. முன்னைய 100 குரோனர் தாள் ஒன்றில் அவர் முகம் இருந்தது. அதே வரிசைத் தாள்களில் எழுத்தாளர் அண்டர்சனுக்குக் கிடைத்தது 10 குரோனர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறோம். பெயரின் முதலெழுத்து, வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட அந்த டெனிஷ் எழுத்து. எமது நாக்கு அதற்கு இன்னமும் வளைவதில்லை, பிள்ளைகளுக்கு வளைகிறது. ஏர்ஸ்டெட் என்று எழுதுவோம்.

ஹான்ஸ் கிறிஸ்டியன் ஏர்ஸ்டெட் 1777 ஆகஸ்ட் 14ஆம் திகதி லாங்கலான் தீவிலுள்ள ருட்கூபிங்கில் பிறந்தார். அடுத்த ஆண்டு தம்பி அனர்ஸ் பிறந்தான். தாய் தகப்பன் இருவருக்கும் வேலை ஓயவில்லை. பிள்ளைகளை அயலில் இருந்த ஒரு ஜேர்மன் தம்பதியிடம் பகலில் விட்டார்கள். கணவர் பொய்முடி செய்பவர். அந்த அம்மா டெனிஷ் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார். ஜேர்மன் பைபிளை வைத்து ஜேர்மனும் பழக்கினார். அவருடைய கணவருக்குக் கூட்டலும் கழித்தலும்தான் தெரியும். பெருக்கலுக்கும் பிரித்தலுக்கும் வேறு ஆட்களைத் தேட வேண்டியிருந்தது. ஊரில் ஒருவரிடம் பிரெஞ்சு, இன்னொருவரிடம் படம் வரைதல் என்று, யாருக்கு எது தெரியுமோ அதை அவரவரிடம் பொறுக்கிக்கொண்டார்கள். அண்ணன் ஒரு வீட்டில் கற்றதைத் தம்பிக்குச் சொல்வான், தம்பி இன்னொரு வீட்டில் கற்றதை அண்ணனுக்குச் சொல்வான். எமது திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு இது அந்நியமாக இராது.

பன்னிரண்டு வயதளவில் ஹான்ஸ் கிறிஸ்டியன் தகப்பனின் மருந்துக்கடையில் உரலும் நிறுவையுமாக நின்றார். 1794இல் சகோதரர் இருவரும் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையில் சிறப்பாகத் தேறி, மாணவர் விடுதியில் சேர்ந்தே வாழ்ந்தார்கள். தம்பி சட்டத்தின் பக்கம் போனார். பின்னாளில் நாட்டின் பிரதமராகவும் இருந்தார். அண்ணன் 1797இல் மருந்தியல் பரீட்சை எழுதினார். 1799இல், இயற்கை பற்றிய கான்ட்டின் மெய்யியலை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். மருந்துக் கலவையும் மெய்யியலும் ஒரே ஆளிடம் சேர்ந்தது பிறகு நடந்தவற்றுக்கு முக்கியம். இயற்கையின் விசைகள் எல்லாம் ஆழத்தில் ஒன்றுதான் என்ற நம்பிக்கை அவருக்கு அந்த மெய்யியலிலிருந்து வந்தது.

1800இல் இத்தாலியின் வோல்ட்டா தனது மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்தார். அதுவரை உரசிச் சேர்த்து, ஒரு பொறியில் செலவழித்துவிடுகிற மின்தான் மனிதரிடம் இருந்தது. இப்போது அது தொடர்ந்து ஓடியது. கொப்பன்ஹேகனில் ஒரு மருந்துக்கடையைப் பொறுப்பெடுத்து நடத்திக்கொண்டிருந்த ஏர்ஸ்டெட் உடனேயே தானும் ஒரு பற்றரி செய்துகொண்டு பரிசோதனையில் இறங்கினார். 1801இல் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டார்.

அந்தப் பயணத்தில்தான் அவர் வாழ்க்கையின் பெரிய சறுக்கலும் நடந்தது. ஜேர்மனியில் யொஹான் ரிட்டர் என்ற இளைஞரைச் சந்தித்தார். ரிட்டர் சாதாரண ஆளல்ல. கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரைக் கண்டவர். ஆனால் காண்பதற்கும் கற்பனை செய்வதற்கும் இடையிலுள்ள வரம்பு அவருக்கு அடிக்கடி அழிந்துபோகும். பூமிக்குக் காந்த முனைகள் இருப்பதுபோல மின்முனைகளும் உண்டு என்று அவர் உறுதியாக நம்பினார். பாரிஸ் போன ஏர்ஸ்டெட் 1803இல் நண்பருக்காக அதைப் பிரெஞ்சு அறிஞர்கள் முன் நிரூபித்துக் காட்டப் போனார். பரிசோதனை பலிக்கவில்லை. அத்தனை பேர் முன்னிலையிலும் வெறுங்கையோடு நிற்க வேண்டியதாயிற்று. ஹங்கேரியின் விண்டர்ல் என்பவரின் இரசாயனக் கொள்கையை மெச்சி ஒரு நூலும் வெளியிட்டிருந்தார், அதுவும் எடுபடவில்லை. 1804இல் ஊர் திரும்பியபோது, மெய்யியலில் மிதப்பவர் என்ற பெயர் அவருக்கு முன்னரே வந்து சேர்ந்திருந்தது. எதிர்பார்த்த பேராசிரியர் பதவி உடனே கிடைக்கவில்லை. கட்டண விரிவுரைகள் நடத்தி, கூட்டம் சேர்ந்து, 1806இல்தான் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது.

ரிட்டரை அவர் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1803இல் ரிட்டர் எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. மின்னியலின் பெருங் கண்டுபிடிப்புகள் வானத்துச் சுழற்சி ஒன்றோடு ஒத்து வருகின்றன என்றும், அடுத்தது 1819இன் பிற்பகுதியிலோ 1820இலோ வரும் என்றும் அதில் கணக்குப் போட்டிருந்தார். சாத்திரிமார் சொல்வது போலத்தான் இருக்கிறது. தற்செயல் என்றுதான் நாமும் நினைக்கிறோம். ஆனால் ஆண்டு பிசகவில்லை. அதைப் பார்க்க ரிட்டர் இருக்கவில்லை; 1810இல், 33 வயதில், வறுமையில் இறந்துபோனார்.

இதற்கிடையில் டென்மார்க்கும் நொந்துபோயிருந்தது. 1807 செப்டெம்பரில் பிரித்தானியக் கடற்படை கொப்பன்ஹேகன் மீது குண்டு பொழிந்தது. நகரின் பெரும் பகுதி எரிந்தது, கப்பற்படை பறிபோனது. 1813இல் அரசு திவாலானது. 1814இல் நோர்வே கையை விட்டுப் போயிற்று. எரிகிற நகரையும் ஒரே நாளில் மதிப்பிழந்த பணத்தையும் கண்ட நமக்கு இந்த வரிகளை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

அந்த 1814ஆம் ஆண்டில் ஏர்ஸ்டெட் செய்த ஒரு வேலை எமக்கு அவருடைய கண்டுபிடிப்புக்கு நிகராகவே படுகிறது. இரசாயனத்துக்கு டெனிஷ் மொழியில் சொற்கள் ஆக்கினார். அதுவரை படித்தவர்கள் இலத்தீனிலும் ஜேர்மனிலும் பிரெஞ்சிலும்தான் அறிவியல் பேசினார்கள். நெருப்பைக் குறிக்கும் டெனிஷ் சொல்லிலிருந்து ஒட்சிசனுக்கு இல்ட் என்றும், எரிதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஐதரசனுக்குப் பிரிண்ட் என்றும் பெயரிட்டார். கனவளவுக்கும் அடர்த்திக்கும் இன்று பள்ளியில் வழங்கும் டெனிஷ் சொற்களும் அவர் ஆக்கியவையே. முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் வேலை செய்யும் எம் பெண்கள் மூச்சுத் திணறும் நோயாளிக்கு ஒட்சிசன் முகமூடி மாட்டும்போது உச்சரிக்கிற சொல் அந்த இல்ட்தான். மானிப்பாயில் 1847 முதல் 1873 வரை பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் இதே வேலையைத்தான் எமக்குச் செய்தார். மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான சொற்களையும் தேடி ஆக்கி, நூல்களாக அச்சிட்டார். கிறீனின் சொற்களில் எத்தனை இன்று எமது நாவில் இருக்கின்றன என்று எண்ணினால் வருத்தமே மிஞ்சும். ஏர்ஸ்டெட்டின் சொற்களுக்குப் பின்னால் ஓர் அரசும் பள்ளிக்கூடங்களும் நின்றன.

1820 வசந்தத்துக்கு வருவோம். ஏப்ரலில் ஒரு மாலை விரிவுரை. பற்றரியின் மின்னோட்டத்தை மெல்லிய பிளாட்டினக் கம்பியில் செலுத்தி, கீழே ஒரு திசைகாட்டியை வைத்தார். ஊசி அசைந்தது, ஆனால் மிகக் கொஞ்சமாக, ஒழுங்கில்லாமல். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தற்செயலாகக் கண்டார் என்று பாடப்புத்தகங்கள் சில எழுதுகின்றன. நாம் அதை ஏற்பதற்கில்லை. மின்னுக்கும் காந்தத்துக்கும் உறவு இருக்க வேண்டும் என்று அவர் பல ஆண்டுகளாகவே எழுதிவந்தவர். தேடாதவன் அந்தச் சிறு அசைவைக் கண்டிருக்கவே மாட்டான்.

எமக்கு வியப்பு, அதன் பிறகு அவர் காத்த அமைதி. ஊசி அசைந்த மறுநாளே உலகுக்கு முரசறையவில்லை. ஏறத்தாழ மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. பாரிஸில் பட்ட வெட்கம் அதற்குள் இருந்திருக்கும் என்பது எமது ஊகம். யூலையில், இருபது செப்புத் தொட்டிகளில் அமிலம் ஊற்றி, துத்தநாகத் தகடுகள் தொங்கவிட்டுப் பெரிய பற்றரி ஒன்றை அமைத்தார். மதிப்புக்குரியவர்களைச் சாட்சியாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார்.

கம்பியை ஊசிக்கு மேலே, வடக்குத் தெற்காகப் பிடித்தார். ஊசி ஒரு பக்கம் திரும்பியது. கம்பியை ஊசிக்குக் கீழே கொண்டுபோனார். ஊசி எதிர்ப் பக்கம் திரும்பியது. இது சீப்பும் கடதாசியும் போன்ற இழுப்பாக இருந்தால், கம்பி மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ஊசி கம்பியை நோக்கி வரவேண்டும், அல்லது அதைவிட்டு விலக வேண்டும். அது இரண்டையும் செய்யாமல் குறுக்கே திரும்பியது. கம்பியைச் சுற்றி ஏதோ ஒன்று வட்டமிடுகிறது என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுபோனது இதுதான்.

அதோடு விடவில்லை. நிலைமின்னின் இழுப்பு எல்லா லேசான பொருளையும் இழுக்கும் என்று மேலே பார்த்தோம். முனைவாக்கம் கடதாசி, கண்ணாடி என்று ஆள் பார்ப்பதில்லை. ஆகவே பித்தளையில் ஓர் ஊசி, கண்ணாடியில் ஓர் ஊசி, அரக்கில் ஓர் ஊசி செய்து தொங்கவிட்டார். கம்பி அவற்றைச் சற்றும் அசைக்கவில்லை. பிறகு கம்பிக்கும் காந்த ஊசிக்கும் நடுவே கண்ணாடி, மரம், உலோகம், கல் என்று ஒவ்வொன்றாக வைத்தார். பித்தளைப் பெட்டிக்குள் நீர் நிரப்பி ஊசியை உள்ளே வைத்தும் பார்த்தார். உலோகப் பெட்டி நிலைமின் விசையை உள்ளே விடாது. வெளியே உள்ள ஏற்றம் பெட்டியின் சுவரில் ஏற்றத்தைத் தூண்டி, அந்தத் தூண்டிய ஏற்றமே உள்ளே விசையை அழித்துவிடும். ஆனால் ஊசி பெட்டிக்குள்ளும் திரும்பியது. இது பழைய மின்விசை அல்ல, வேறொன்று என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

1820 யூலை 21ஆம் திகதியிட்டு, நாலே பக்கத்தில், இலத்தீனில் எழுதி, சாட்சிகளின் பெயர்களையும் சேர்த்து அச்சிட்டு, ஐரோப்பாவின் அறிஞர்களுக்கெல்லாம் அனுப்பினார். டெனிஷ் சொற்களுக்காகப் பாடுபட்டவர் இலத்தீனில் எழுதினாரே என்றால், ஊருக்கு ஒரு மொழி, உலகுக்கு ஒரு மொழி என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை.

இத்தாலியின் ரொமாக்னோசி என்ற சட்டவியலாளர் 1802இலேயே இதைக் கண்டுவிட்டார் என்று ஒரு வழக்கு இன்றும் பேசப்படுகிறது. அவருடைய கம்பி பற்றரியின் மறுமுனையோடு இணைக்கப்படவில்லை. அதில் மின்னோட்டம் ஓட வழியில்லை. ஊசி தொட்டு ஏற்றம் வாங்கி விலகியிருக்கிறது. அலுமினியத் துணுக்கு சீப்பில் பட்டுப் பறக்கிறதே, அதே கதை. ஏர்ஸ்டெட் பித்தளை ஊசியும் கண்ணாடி ஊசியும் செய்து மினக்கெட்டதன் பெறுமதி இங்கேதான் விளங்குகிறது.

செப்டெம்பரில் பாரிஸில் அரகோ இந்தச் செய்தியை எடுத்துரைத்தார். முதலில் நம்ப மறுத்தார்கள். கண்ணால் கண்டபின் மறுக்க முடியவில்லை. மின்னுக்கும் காந்தத்துக்கும் தொடர்பில்லை என்று கூலோமே சொல்லி வைத்திருந்த நகரம் அது. சில வாரங்களிலேயே அம்பியர் அதன் கணிதத்தை எழுதத் தொடங்கினார். 1831இல் இங்கிலாந்தின் பரடே, அசையும் காந்தத்தால் மின்னோட்டம் பிறக்கும் என்று காட்டினார். தமிழில் அதற்கும் தூண்டல் என்றே பெயர். சீப்பு அலுமினியத்தில் செய்கிற தூண்டல் வேறு, இது வேறு என்று பிள்ளைகளுக்கு விளக்கும்போது கவனம் வேண்டும். இன்றைய மோட்டார், மின்பிறப்பாக்கி, வடகடலில் சுழலும் காற்றாலை எல்லாம் அந்த வழியில் வந்தவை. இலண்டன் ரோயல் சொசைட்டி 1820இன் கொப்லி பதக்கத்தை ஏர்ஸ்டெட்டுக்கு அளித்தது. பாரிஸும் பரிசு கொடுத்தது. 17 ஆண்டுகளுக்கு முன் வெறுங்கையோடு நின்ற அதே நகரம்.

வேறு கண்டுபிடிப்புகளும் உண்டு. 1819இல் மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் என்ற பொருளை மிளகிலிருந்து பிரித்தெடுத்தவர் இவரே. ரசம் வைக்கும் வீடுகளில் இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி. 1825இல் அலுமினியத்தை முதன்முதலில் உலோகமாகக் கண்ணில் காட்டியவரும் இவரே. அதை ஜேர்மனியின் வோலருக்கு மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுத்துவிட்டுக் கற்பித்தலுக்குத் திரும்பிவிட்டார்.

1824இல் பொதுமக்களுக்கு இயற்கை அறிவைப் பரப்பும் கழகம் ஒன்றை நிறுவினார். அது இன்றும் நடக்கிறது. கார்ல்ஸ்பெர்க் மதுசாலையை நிறுவிய யாக்கப்சன் இவருடைய விரிவுரைகளைக் கேட்டவர். 1829இல் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றைத் தொடக்கி, சாகும்வரை அதன் தலைவராக இருந்தார். அதுதான் இன்றைய டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அகதி முகாமில் கைக்குழந்தைகளாக இருந்த எம் பிள்ளைகள் சிலர் பொறியியலாளராக வெளிவந்ததும் அந்த வாசல் வழியாகத்தான்.

அதே 1829இல் பல்கலைக்கழகப் பரீட்சையில் ஓர் ஏழை மாணவனை அவர் வாய்மொழியாகக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் நன்றாகப் பதில் சொன்ன பையன், மின்காந்தம் என்றதும் விழித்தான். அந்தச் சொல்லையே கேட்டதில்லை என்றான். கண்டுபிடித்தவர் எதிரே அமர்ந்திருக்கிறார்! விரிவுரையில் சொன்னேனே என்றார் ஏர்ஸ்டெட். ஒன்றைத் தவிர எல்லா விரிவுரைக்கும் வந்தேன், அது அந்த ஒன்றில்தான் இருந்திருக்கும் என்றான் பையன். அவன்தான் ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன். ஏர்ஸ்டெட் கோபிக்கவில்லை. அவருடைய வீட்டில் வாரந்தோறும் சாப்பாட்டு மேசையில் அண்டர்சனுக்கு இடம் இருந்தது. இருவருக்கும் ஒரே முதற்பெயர் என்பதால் பெரிய ஹான்ஸ் கிறிஸ்டியன், சின்ன ஹான்ஸ் கிறிஸ்டியன் என்ற வேடிக்கையும் இருந்தது. 1835இல் அண்டர்சன் ஒரு நாவலும் சில சிறுவர் கதைகளும் வெளியிட்டபோது, நாவல் புகழ் தரும், கதைகளோ என்றும் அழியாமல் நிற்க வைக்கும் என்று கணித்தவர் இந்தப் பௌதிகவியலாளர். அப்போது அண்டர்சனே அதை நம்பவில்லை.

1850 நவம்பரில் அவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த 50 ஆண்டுகளைக் கொண்டாடினார்கள். பிரெடெரிக்ஸ்பெர்க் தோட்டத்தருகே உள்ள ஒரு வீட்டை, வாழ்நாள் முழுவதும் இருந்துகொள்ளும்படி நாடு அவருக்குக் கொடுத்தது. பனி விலகி வசந்தம் வந்ததும் குடிபோவதாக இருந்தார். 1851 மார்ச் 9ஆம் திகதி, குறுகிய கால நோயில், 73ஆவது வயதில் பழைய வீட்டிலேயே இறந்துபோனார். நூரபுரோவிலுள்ள அசிஸ்டன்ஸ் மயானத்தில் அவரைப் புதைத்தார்கள். 24 ஆண்டுகளுக்குப் பிறகு சின்ன ஹான்ஸ் கிறிஸ்டியனும் அதே மயானத்துக்கு வந்து சேர்ந்தார்.